ஒரே நாளில் திரும்பிவிடக்கூடிய ஊர்

எங்கள் வீட்டில் விடுமுறை எப்போது என்பதைத் திராட்சைக் கொடிதான் முடிவு செய்யும். காய் வெட்டி முடித்தபின், அடுத்த கவாத்துக்கு முன்னால், கொடிக்கு மூன்று நான்கு வாரம் ஓய்வு கொடுப்போம். சொந்தக்காரர் கல்யாணம், கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்கு, பல் பிடுங்குவது எல்லாவற்றையும் அந்த இடைவெளிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். கிளைகளைக் கத்தரித்துக் கவாத்தை முடித்துவிட்டால், அடுத்த நான்கு மாதம் என்னைப் பார்க்க விரும்புகிறவர்கள் சுருளிப்பட்டித் தோட்டத்துக்குத்தான் வர வேண்டும்.

இந்த முறை கொடி ஓய்வில் இருந்தபோது மகள் அமலா ஒரு கோரிக்கை வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, சென்னையில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்துவிட்டது அவளுக்கு. "ஹாஸ்டலுக்குப் போறதுக்குள்ள நாம நாலு பேரும் ஒரு தடவை வெளிநாடு போகணும். வேளாங்கண்ணியெல்லாம் கணக்குல சேராது" என்றாள். நாங்கள் பாஸ்போர்ட் எடுத்து மூன்று வருடமாகிறது. ஒரு முத்திரைகூட விழாமல் அது பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது.

ஓட்டல் வேண்டாம், கூடாரம் போட்டுத் தங்கும் இடமாக இருக்க வேண்டும் என்பதில் அமலாவும் அவள் தம்பி ஜெரோமும் ஒரே கட்சி. ஜெரோமுக்குப் பதினைந்து வயது. அவனுக்கு ஆறு வேண்டும், குதிப்பதற்கு ஒரு பாறை வேண்டும். என் மனைவி ரோஸ்லின் கேட்டது ஒரே கேள்விதான். "டென்ட்டுன்னா பாத்ரூம் எங்கன இருக்கும்?"

ரோஸ்லினின் தம்பி பிரான்சிஸ் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "தரையில படுக்கவா மச்சான் பிளைட்டு ஏறிப் போறீக? நம்ம மோட்டார் ரூம் பக்கத்துல நாலு தார்ப்பாயைக் கட்டி விடுறேன். ஆத்துல குளிங்க. அக்கா கையால சோறு. பாத்ரூமும் வீட்டுலயே இருக்கு" என்றான். ஜெரோம் அவனை முறைத்த முறைப்பில் அந்த யோசனை அங்கேயே படுத்துவிட்டது.

ரோஸ்லினும் பிள்ளைகளும் மலேசியா என்றார்கள். காட்டுக்குள் ஒரு முகாம், படங்களில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் இலங்கை என்றேன். அங்கே தமிழ் பேசுவார்கள், சோறு கிடைக்கும், அலைச்சல் கிடையாது என்று விரல் விட்டுக் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. மதுரையில் விமானம் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் கொழும்பு. தோட்டத்தில் ஏதாவது ஒன்று என்றால் ஒரே நாளில் திரும்பிவிடலாம். கொடி ஓய்வில் இருக்கும்போது தோட்டத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று யாரும் கேட்கலாம். பதினெட்டு வருடப் பழக்கம் அது, அவ்வளவுதான்.

அமலா என் போனில் திறந்து கிடந்த விமான நேரங்களை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இலங்கை" என்றாள். ஆனால் நிபந்தனை போட்டாள். பிரான்சிஸ் மாமாவுக்குச் சாயங்காலம் ஒரு போன் மட்டும். திராட்சை பற்றி யாரிடமும் பேசக்கூடாது. "ஆறு நாள் எனக்கு அப்பா வேணும். விவசாயி இங்கனயே இருக்கட்டும்" என்றாள். பள்ளியில் அவள் முதல் மேடை ஏறிய நாளில் நான் பூச்சிமருந்து வாடை அடிக்கும் சட்டையோடு கூட்டம் கலைந்தபின் போய் நின்றவன். அப்புறம் எத்தனை நிகழ்ச்சிகளுக்கு அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் ஊரைவிட்டுப் போவதற்குள் இந்த ஒன்றையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் சம்மதித்தேன். பெட்டி அடுக்கும்போது என் கவாத்துக் கத்தரியை வேட்டிக்குள் சுருட்டி அடியில் வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. எதற்கு வைத்தேன் என்று எனக்கும் சொல்லத் தெரியாது.

முதல் நாள் கொழும்பில் கண்டது கொத்து ரொட்டியைத்தான். நம் ஊரிலும் கொத்து புரோட்டா உண்டு. தேனி பஸ் ஸ்டாண்டில் அந்தச் சத்தம் கேட்காத சாயங்காலம் இல்லை. ஆனால் இங்கே கொத்துகிறவர் இரண்டு கையாலும் தாளம் மாற்றி மாற்றிப் போட்டார். ஜெரோம் தட்டைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சாப்பிட்டான். ரோஸ்லினுக்குத் தேங்காய்ச் சம்பல் பிடித்துப்போய், எதை எதோடு இடிக்கிறார்கள் என்று சைகையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

இரண்டாம் நாள் மலை ரயில். உட்கார இடம் கிடைத்ததே பெரிய காரியம். எதிரில் பதுளையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு சிங்கள அம்மாள் அமர்ந்திருந்தார். இறால் பதித்த வடையைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டு வந்தவரை நிறுத்தி, எங்களுக்கும் சேர்த்து வாங்கினார். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. ரோஸ்லின் பதிலுக்குப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுக் காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு வாய் எடுத்தார்.

"மலை பார்க்கவா வந்தீங்க? உங்கட ஊரில மலை இல்லையா?" என்று நிதானமான தமிழில் கேட்டார்.

"மூணு பக்கமும் மலைதான்" என்றேன்.

"ஆறு?"

"வீட்டுக்குப் பின்னாடி."

"அருவி?"

"அதுவும் பக்கத்துலதான்" என்று ஜெரோம் முந்திக்கொண்டான். அந்த அம்மாளும் பக்கத்திலிருந்த அவர் தோழியும் சிங்களத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அந்த அம்மாள் எங்களுக்கும் மொழிபெயர்த்தார். "இவ்வளவு இருக்கிற ஆட்கள் ஏன் வந்தாங்க என்று கேட்டாள். வீட்டில் இருந்தால் யாருக்கும் மலை தெரியாது என்று சொன்னேன்." எனக்கு அது சுருக்கென்று பட்டது. வீட்டிலிருந்து பார்த்தால் மலை தெரியும்தான். நான் நிமிர்ந்து பார்த்து நாளாயிற்று.

எல்ல என்ற மலையூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். நான்கு பேர், மூன்று பெட்டி. இறக்கத்தில் ஒரு வளைவில் ஆட்டோ இருமிவிட்டு நின்றுபோனது. ஓட்டுநர் இறங்கி அதைத் தட்டிக்கொடுத்துப் பேசிப் பார்த்தார், அது கேட்கவில்லை. தள்ளி விட்டோம். அதோடு முடியவில்லை. முகாமுக்கு முன்னால் ஓர் ஓடை. அதைத் தாண்டி வண்டி போகாதாம். கூடாரத்தில் தங்க வந்தவர்கள் சக்கரம் வைத்த பெட்டியோடு ஓடைக்குள் நின்ற காட்சியை அமலா படம் பிடித்துவைத்திருக்கிறாள். கடைசியில் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் போனேன். திராட்சைக் கூடை சுமந்த தலைக்கு அது ஒன்றும் பெரிதில்லை, ஆனால் நிபந்தனையை நினைத்து அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த இடம் என்னை ஏமாற்றிவிட்டது. கடல் தாண்டி, மலை ஏறி, மறுபக்கம் இறங்கினால் எங்கள் ஊர். அதே வறண்ட காற்று, பின்னால் அதே போன்ற மலைச் சரிவு, பாறைக்கு நடுவே அதே பச்சைத் தண்ணீர். "அம்மா, நாம சுருளிக்கே வந்துட்டோம்" என்று ஜெரோம் கத்தினான். ரோஸ்லின் முதலில் பாத்ரூமைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சுத்தமாத்தான் வச்சிருக்காக" என்று முத்திரை குத்தினாள்.

முகாமை நடத்துகிறவர் நிமல். ஐம்பது வயது இருக்கும், சிங்களம் மட்டும் பேசுவார், அதையும் குறைவாகப் பேசுவார். சமையலைப் பார்த்துக்கொண்டது சிவகாமி அக்கா, பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். இரண்டு மொழியும் அவர் வழியாகத்தான் போய் வந்தன. சாப்பாட்டுக் கூடம் என்று தனியாகக் கட்டடம் இல்லை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த ஒரு பந்தல், அதன் கீழே நீள மேசைகள். பந்தல் முழுக்கப் படர்ந்திருந்தது திராட்சைக் கொடி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அமலா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பருப்பைப் பிசைந்தேன்.

மூன்றாம் நாள் முழுவதும் ஆற்றில்தான் கிடந்தோம். ஜெரோமுக்குக் குதிக்கப் பாறை கிடைத்தது. ரோஸ்லின் சுடிதாரோடு இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று அறிவித்தாள். அமலாவும் நானும் மறுகரைக்கு நீந்தினோம். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். பிரான்சிஸ் மாமா என்றாள். நம் வாய்க்காலிலா என்று கேட்டதற்கு, "நீங்க அந்தப் பக்கம் மருந்து அடிச்சிட்டு இருந்தீங்க" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அது வெகு நேரம் என்னோடு இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சிவகாமி அக்காவே பேச்சை எடுத்தார். "நிமல் மாத்தயா பத்து வருசத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்துல இருந்து கொண்டாந்து வச்ச கொடி. இலை மட்டுந்தான். ஒரு பழம் கண்ணால பார்த்ததில்ல." நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மேசைக்கு அடியில் ரோஸ்லின் என் காலை மிதித்தாள்.

நான்காம் நாள் விடியற்காலையில் எழுந்தேன். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தேநீரோடு பந்தலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தேன். பத்து வருடமாகக் கத்தி படாத கொடி. பழைய குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காய்ந்தது பாதி, இலை பாதி. அதற்குள் வெளிச்சமே இறங்கவில்லை. வெட்டிவிட்டால்தான் புதுக் குருத்து வரும், குருத்தில்தான் பூ வரும். இது எங்கள் பள்ளத்தாக்கில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். காய்ந்த குச்சி ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்துவந்தேன்.

ஒன்று எடுத்தால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மேசைமேல் ஏறினேன். கை அதன் போக்கில் போனது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. முதுகில் சுள்ளென்று வெயில் பட்டபோதுதான் சுற்றிலும் பார்த்தேன். பந்தலில் அடிமரமும் அதிலிருந்து பிரிந்த நான்கு கைக்கிளைகளும் கம்பியும் மட்டும் மிச்சம். மேசைகள்மேல் முழங்கால் உயரத்துக்கு இலைக்குவியல். எங்கள் ஊரில் இப்படி வெட்டி முடித்தால் வேலை சுத்தம் என்பார்கள்.

நிமல் தேநீர்க் கோப்பையோடு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார். வெட்டிய நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. சிவகாமி அக்காவைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார். "தண்ணியாக் கொட்டுதே, கொடி செத்துப்போகுமான்னு கேக்குறாரு. நெழலுக்குத்தான் இதை வச்சிருந்தாராம். பகல் சாப்பாட்டுக்குக் கொழும்புல இருந்து இருபத்தஞ்சு பேர் வாராங்க. அவங்கள எங்க ஒக்கார வைக்கிறதுன்னு கேக்குறாரு."

நிழல். அது எனக்குத் தோன்றவே இல்லை. காய்க்காத கொடிக்கும் ஒரு வேலை இருக்கும் என்று திராட்சைக்காரன் எவனுக்கும் தோன்றாது. கொடி சாகாது, அந்தத் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும் என்று சொல்லச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூடாரத்திலிருந்து அமலா வெளியே வந்தாள். பந்தலைப் பார்த்தாள், என் கையில் இருந்த கத்தரியைப் பார்த்தாள்.

"ஊருல இருந்தே கொண்டாந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் ஆற்றுப் பக்கம் போய்விட்டாள்.

நானும் பின்னால் போனேன். பாறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இனி மறைத்து ஆவதொன்றும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தரி எப்படி வந்தது என்று சொன்னேன். இலங்கை வேண்டும் என்று நான் அடம்பிடித்தது தமிழுக்காகவும் இல்லை, சோற்றுக்காகவும் இல்லை, ஒரே நாளில் தோட்டத்துக்குத் திரும்பிவிடலாம் என்பதற்காகத்தான் என்றும் சொன்னேன்.

"தெரியும்ப்பா. நீங்க ஊரைப் பாக்காம பிளைட் நேரத்தைப் பாத்தப்பவே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா பின்ன ஏன் சரின்னு சொன்ன?"

"மலேசியான்னு நின்னிருந்தா கடைசி நிமிஷத்துல, நீங்க போயிட்டு வாங்கன்னு எங்க மூணு பேரையும் அனுப்பிவிட்டிருப்பீங்க. நான் ஊரைத் தேர்ந்தெடுக்கலப்பா. நீங்க வர்ற எடத்தைத் தேர்ந்தெடுத்தேன்."

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சாமர்த்தியமாக முடித்ததாக நினைத்த பேரத்தை, அவள் எனக்காக விட்டுக்கொடுத்து முடித்திருக்கிறாள். அழுகை வந்தது, அழுதேன். அவள் என் தோளைத் தொட்டாள். பிறகு எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, "மணி எத்தனை? பகல் சாப்பாட்டுக்குள்ள நெழல் வேணும்ல" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பயணம். சமையல் கொட்டகை வேய முடைந்து வைத்திருந்த தென்னங்கிடுகுகளைச் சிவகாமி அக்கா காட்டினார். அது பாதிப் பந்தலுக்குத்தான் போதும். அமலா பந்தலைச் சுற்றி நடந்தாள், வெயிலைப் பார்த்தாள், ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டாள். "பகல்ல மேசை இந்தக் கோட்டுக்குள்ள இருந்தாப் போதும். அப்புறம் வெயில் மேற்கால இருந்து அடிக்கும். கிடுகை அங்கன கட்டுங்க, இங்கன வீணாக்காதீங்க" என்றாள். கம்பியில் கிடுகைக் கட்டும் முடிச்சு எனக்குத் தெரியும். ஜெரோம் தூணில் ஏறினான், நான் கீழேயிருந்து கொடுத்தேன். இடைவெளிகளில் ரோஸ்லின் தன் இரண்டு பருத்திச் சேலைகளை இழுத்துக் கட்டினாள். "ஒண்ணு கிழிஞ்சாலும் ஊருக்குப் போனதும் ரெண்டு எடுத்துத் தரணும்" என்று என்னிடம் சொல்லிவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமலும் ஒரு ஏணியோடு வந்து சேர்ந்துகொண்டார். மகள் சொல்லச் சொல்ல நான் வேலை செய்தது அதுவே முதல் முறை. பந்தல் வேலையில் எனக்கு ஒருவர் உத்தரவு போட்டு நான் கேட்டதும் அதுவே முதல் முறை.

கொழும்புக்காரர்கள் வந்தார்கள். மஞ்சள் சேலை வழியாக விழுந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பந்தலைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெண்மணி நிமலிடம் ஏதோ கேட்டார், அவர் எங்களைக் கைகாட்டினார். என்ன கேட்டார்கள் என்று சிவகாமி அக்காவிடம் விசாரித்தேன். "இந்தச் சோடனை எந்த ஊர் வழக்கம்னு கேட்டாங்க. தமிழ்நாட்டுல இப்பிடித்தான்னு மாத்தயா சொல்லிட்டாரு" என்றார். சாயங்காலம் நிமல் என்னிடம் வந்து, அடிமரத்தைக் காட்டி, அக்கா வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். பழம் வருமா? வரும் என்றேன். அமலா பக்கத்தில் நின்று கேட்டுச் சிரித்தாள். அன்று சாயங்காலம் பிரான்சிஸுக்குப் போன் செய்ய மறந்துபோனேன். மறுநாள் அவனே கூப்பிட்டு, எல்லாரும் உயிரோடுதானே இருக்கீக என்று கேட்டான்.

ஐந்தாம் நாள் கிளம்பினோம். பெட்டியைத் தலையில் ஏற்றும்போது ஜெரோமும் ஒரு பெட்டியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டான். ஆறாம் நாள் கொழும்பு, கடல், மதுரை. கம்பத்துக்குள் பஸ் நுழைந்தபோது ஜன்னல் வழியாக மலையை நிமிர்ந்து பார்த்தேன். சாயங்கால வெயிலில் நன்றாகத்தான் இருந்தது.

அமலாவை ஹாஸ்டலில் விட நானே சென்னைக்குப் போனேன், இரண்டு நாள் இருந்தேன். திரும்பி வந்து எங்கள் தோட்டத்தில் கவாத்து வெட்டினேன். இங்கே குருத்து விட்டிருந்த ஒரு நாள் காலையில், வாட்ஸ்அப்பில் அமலா ஒரு படம் அனுப்பினாள். சிவகாமி அக்கா அவளுக்கு அனுப்பியதாம். ஒரு கல்தூண், புதுப் பச்சையில் இலைகள், நடுவில் விரல் நீளத்துக்கு இரண்டு பூங்கொத்துகள். ஓர் ஓரத்தில் ரோஸ்லினின் மஞ்சள் சேலை இன்னும் கட்டிக் கிடந்தது. தோட்டத்துக்கு நடுவில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு ஏக்கரும் பூத்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கீழே அவள் எழுதியிருந்தாள். "அடுத்த காய் வெட்டு எப்ப முடியும்? இந்தத் தடவை ஊரை நான் தேர்ந்தெடுக்கிறேன். ஒரே நாள்ல திரும்பி வர முடியாத ஊரு."

தேதியைச் சொன்னேன். கத்தரியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன் என்றும் எழுதினேன்.

"வேணாம்ப்பா, எடுத்துட்டே வாங்க" என்று பதில் வந்தது.